மூடி இறுகுது, மூலை விடுது, மாவு கொட்டுது: மரக் கருவிப்பெட்டிக் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

2017 நவம்பர் 30 அன்று ஓக்கி புயல் வீசியபோது எங்கள் வீட்டுப் பின்புறம் நின்ற அயனி மரம் (பலா இனத்து மரம்) வேரோடு சாய்ந்தது. அதை மில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்து, இரண்டே மாதத்தில் அதில் ஒரு கருவிப்பெட்டி அடித்தேன். பக்கத்துத் தெருவில் இருக்கும் ஆசாரி மாமா பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆனியாடி முடியட்டும் மக்கா, பொறவு அடிப்போம்" என்றார். நான் கேட்கவில்லை. ஒரு மரப்பெட்டிக்கு என்னென்ன கோளாறு வர முடியுமோ அத்தனையும் அந்தப் பெட்டிக்கு ஒரே வருடத்தில் வந்தது. மிச்சப் பலகையை ஒன்றரை வருடம் அடுக்கி வைத்துச் செய்த இரண்டாவது பெட்டி இன்றும் நேராக நிற்கிறது. கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த இரண்டு பெட்டிகளிலும், அக்கம்பக்கத்தில் சரிசெய்து கொடுத்த பெட்டிகளிலும் கண்டது.

பெட்டி என்று நான் சொல்வது இந்த அளவில்: 24 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 9 அங்குல உயரம், 6 நூல் கனமுள்ள பலகை, கீல் வைத்த மூடி, இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. உளிகள், இழைப்புளி, சுத்தியல், மூலமட்டம் (செங்கோணம் பார்க்கும் கருவி), 18 அங்குலக் கைவாள் எல்லாம் இதில் அடங்கும்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் கையில் எடுக்க வேண்டியது அளவு நாடா. இழைப்புளியை அதற்கப்புறம் எடுக்கலாம். இழைத்து எடுத்த மரம் திரும்ப வராது. பெட்டியில் கோளாறு தெரிகிற இடமும் அதன் காரணம் இருக்கிற இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

மூடி இறுகுகிறது, திறக்க மறுக்கிறது

முதலில் என்ன மாதம் என்று பாருங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியில் தென்மேற்கு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. ஈரக் காற்றில் மரம் அகலவாக்கில் உப்பும்; மாசி, பங்குனியில் சுருங்கும். நீளவாக்கில் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறாது. 10 அங்குல அகலப் பலகை மழைக்கும் கோடைக்கும் இடையில் கிட்டத்தட்ட ஒரு நூல் வரை கூடிக் குறையலாம். அதனால் ஆடியில் இறுகும் மூடியை ஆடியிலேயே இழைக்காதீர்கள். நான் இழைத்தேன். ஒன்றரை நூல் எடுத்த பிறகு மூடி அழகாக இறங்கியது. பங்குனியில் திறந்தபோது முன்பக்க இடுக்கு வழியாகப் பல்லி உள்ளே போய், மூலமட்டத்தை ஒட்டி இரண்டு வெள்ளை முட்டை இட்டு வைத்திருந்தது.

சரி, மாதத்தைப் பார்த்தாயிற்று. இனி நாடாவை எடுத்து, பெட்டி வாயின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளந்துகொள்ளுங்கள். மற்ற இரண்டு மூலைகளுக்கும் அதேபோல். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் பெட்டி சதுரத்தில் இருக்கிறது, அதாவது நான்கு மூலையும் செங்கோணம். அரை நூலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பெட்டி சாய்ந்திருக்கிறது. குற்றம் மூடியில் இல்லை. அப்போது நீளமாக இருக்கிற மூலைவாட்டில் கயிற்றைச் சுற்றி, கயிற்றுக்குள் ஒரு குச்சியைக் கொடுத்து முறுக்கினால் பெட்டி சதுரத்துக்கு வரும். அந்த நிலையிலேயே நான்கு மூலையிலும் உள்பக்கம் மூலைக்கட்டை வைத்துப் பசையும் ஸ்குருவும் போட்டு, மறுநாள் காலையில் கயிற்றை அவிழ்க்க வேண்டும்.

மூலைவாட்டு அளவுகள் சரியாக இருந்தால் சாக்பீஸ். பெட்டியின் வாய் விளிம்பு முழுக்கத் தேய்த்து, மூடியை மெதுவாக இறக்கித் திறங்கள். மூடியில் வெள்ளை ஒட்டிய இடம்தான் இடிக்கிற இடம். வெள்ளை கீல் பக்கம் மட்டும் இருந்து, முன்பக்கம் மூடாமல் துள்ளிக்கொண்டு நின்றால் கீலை ஆழமாகப் பதித்துவிட்டீர்கள், இல்லையென்றால் கீலின் ஸ்குருத் தலை மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. தலை நீட்டினால் துளையின் வாயைக் கொஞ்சம் அகட்டி ஸ்குருவை உள்ளே இறக்குங்கள். ஆழம் கூடியிருந்தால் கீலுக்கு அடியில் தீப்பெட்டி அட்டை ஒன்று வெட்டி வையுங்கள், போதும். இந்த ஒரு காரணத்துக்காக மூடியின் முன்விளிம்பை இழைத்துக் கெடுத்த பெட்டிகள் மூன்றாவது பார்த்திருக்கிறேன்.

மூடி பக்கப் பலகைகளுக்கு நடுவே இறங்குகிற மாதிரி செய்திருந்தால், அடைமழையில் அடித்த பெட்டிக்கு இடுக்கு தேவைப்படாது. கோடையில் அடித்ததற்கு முன்பின்னாக ஒரு நூல் இடம் விட்டிருக்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு என் யோசனை, மூடியைப் பக்கங்களின் மேல் உட்காரும்படி வைத்து முன்பக்கம் இரண்டு நூல் வெளியே நீட்டிவிடுங்கள். அது உப்பினாலும் சுருங்கினாலும் யாருக்கும் தெரியாது.

மூடி குழிந்துவிட்டது, அல்லது பெட்டி தரையில் ஆடுகிறது

இரண்டும் வேறு வேறு. குழிதல் என்றால் பலகை அகலவாக்கில் ஓலை போல வளைவது. முறுக்கு என்றால் ஒரு மூலை மட்டும் எழும்புவது. எது என்று தெரிந்துகொள்ள, நேரான இரண்டு குச்சிகளைப் பலகையின் இரு முனையிலும் குறுக்கே வைத்து, கண்ணைத் தாழ்த்தி ஒன்றின் மேல்விளிம்பு வழியாக மற்றதைப் பாருங்கள். விளிம்புகள் இணையாக இருந்தால் முறுக்கு இல்லை.

காயும்போது பலகை எந்தப் பக்கம் குழியும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். வெட்டுமுகத்தில் வளையங்களைப் பாருங்கள். மரப்பட்டை இருந்த பக்கம்தான் குழியும். வளையங்கள் நிமிரப் பார்க்கின்றன என்று வைத்துக்கொண்டால் மறக்காது. மூடி குழிவதற்கு இன்னொரு காரணம், வார்னிஷை வெளிப்பக்கம் மட்டும் அடிப்பது. உள்பக்கம் ஈரத்தைக் குடித்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்க, வெளிப்பக்கம் அசையாமல் நிற்கும். மூடிக்கு இருபுறமும் ஒரே அளவு பூச்சு கொடுக்க வேண்டும்.

குழிந்த மூடியை நிமிர்த்த, கீலைக் கழற்றி, குழிந்த பக்கம் நனைந்த புல்லில் படும்படியும் புடைத்த பக்கம் வெயிலைப் பார்க்கும்படியும் போடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அப்படியே மறந்துவிட்டால் எதிர்ப்பக்கம் வளைந்துவிடும். நிமிர்ந்ததும் நிழலில் சமமான இடத்தில் பாரம் வைத்து இரண்டு நாள் ஆறவிட்டு, உள்பக்கம் இரண்டு குறுக்குச் சட்டம் அடிக்க வேண்டும். சட்டத்துக்குப் பசை போடவே கூடாது. நடு ஸ்குரு இறுக்கமாக இருக்கட்டும். ஓரத்து ஸ்குருக்களுக்குச் சட்டத்தில் வட்டத்துளைக்குப் பதில் நீள்துளை போட்டு, தலைக்கு அடியில் வாஷர் கொடுங்கள். பலகை அசையலாம், ஆனால் வளைய முடியாது. பசை போட்டுக் கட்டினீர்கள் என்றால் அசைய வழியில்லாத பலகை நடுவில் வெடிக்கும்.

முறுக்குக்கு இப்படி ஒரு வைத்தியம் கிடையாது. ஒரு பலகை முறுக்கியிருந்தால் அதை மாற்றுங்கள். பெட்டி முழுக்க முறுக்கித் தரையில் ஆடினால் அடியில் நான்கு கால்கட்டை வைத்து, தரையில் ஊன்றி ஆடவைக்கும் கால்களைத் தரைக்குத் தக்கபடி இழைத்துச் சமன்செய்யலாம். பெட்டி வேலைக்கு உதவும், ஆனால் மூடி ஒருபோதும் ஒழுங்காக உட்காராது. என் முதல் பெட்டி அப்படித்தான் இருக்கிறது. இப்போது அதில் ஆணியும் பழைய கீல்களும் கிடக்கின்றன.

முறுக்குக்கு மூலகாரணம் அநேகமாக ஈரப்பலகை. பொதுக்கணக்கு, காற்றில் காயவைத்தால் ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ஈரத்தில் அதற்கும் மேலே ஆகும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் சீக்கிரமே காயும், ஆனால் வேகமாகக் காய்ந்தால் முனைகள் பிளக்கும். அதனால் பலகையின் இரு முனையிலும் பெயிண்டோ மெழுகோ பூசி, இடையில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து, நிழலில் அடுக்குங்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க மீட்டர் வேண்டும் என்பதில்லை. ஒரு துண்டை வெட்டிச் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைப் பென்சிலால் அந்தத் துண்டிலேயே எழுதி, பலகைகளோடு சேர்த்து வையுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்துங்கள். என் துண்டு 412 கிராமில் தொடங்கி, 290க்குப் பக்கத்தில் வந்து நின்றது. மழை வந்தபோது சில கிராம் ஏறியது, வெயிலில் இறங்கியது. அப்படி ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டால் அது காய்ந்த மரம். அதற்கப்புறம் ஊர்க்காற்றோடுதான் மூச்சு வாங்குகிறது. ஊர் மாறினால் கணக்கும் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். குலசேகரத்தில் இறுக்கமாகச் செய்த பெட்டியைத் தோவாளைக்குக் கொண்டுபோனால் இடுக்கு விழத்தான் செய்யும்.

அடிப்பலகை நடுவில் வெடித்திருக்கிறது

இதற்குக் காரணம் ஒன்றுதான். அடிப்பலகையை நான்கு பக்கமும் பசைபோட்டு ஆணியடித்துப் பூட்டியிருப்பார்கள். சுருங்க நினைத்த மரத்துக்கு இடம் கிடைக்காமல் தானே பிளந்து வழி தேடிக்கொள்கிறது. வெடிப்பில் மரத்தூளும் பசையும் அப்பி அடைத்தால் மழைக்கு உப்பி, அடைத்ததையே வெளியே தள்ளும், இல்லையென்றால் பக்கப் பலகையை நெம்பிவிடும். அடைக்கவே வேண்டாம்.

அடிப்பலகையைக் கழற்றி, வெடிப்பின் வழியாகவே இரண்டாக அறுத்து, இரண்டு துண்டாக மறுபடி போடுங்கள். நடுவில் அரை நூல் இடைவெளி இருக்கட்டும். தூசி விழாமல் அடியில் ஒரு ரீப்பரை ஒரு துண்டோடு மட்டும் சேர்த்து அடித்துவிடலாம். புதிதாகச் செய்கிறவர்கள் பக்கப் பலகைகளின் உள்பக்கம், கீழிருந்து நான்கு நூல் உயரத்தில், இரண்டு நூல் ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, அடிப்பலகையை அதில் பசையில்லாமல் சொருகுவதே நல்லது. அல்லது 9 மில்லிமீட்டர் பிளைவுட் போடுங்கள். அது அநேகமாக அசையாது, கருவிகளின் எடையைத் தாங்கும். அடிக்குப் பிளைவுட் போடுவதைக் குறைச்சலாக நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த எண்ணம் இல்லை.

மூலைப் பொருத்து விட்டுவிட்டது

பெட்டியைத் தூக்கும்போது மூலை வாய் பிளந்தால், அங்கே பசை பிடித்த முகம் எது என்று பாருங்கள். பலகையின் வெட்டுமுகம் பஞ்சு மாதிரி பசையைக் குடித்துவிடும், மேலே பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. வெட்டுமுகத்துக்குள் நேராக அடித்த ஆணியும் நாரோடு நாராகப் போவதால் லேசாக இழுத்தாலே வரும். ஆகவே ஒரு பலகையின் முனையை மற்றதில் அப்படியே முட்டவைத்த வெறும் முட்டுப் பொருத்தில் பசையை மறுபடி ஊற்றி ஆணியை மறுபடி அடித்துப் பயனில்லை.

பெட்டியைப் பிரிக்காமல் செய்யக்கூடியது மூங்கில் ஆணி. மூலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முன்பலகை வழியாகப் பக்கப்பலகைக்குள் இரண்டு நூல் துளை, இரண்டு அங்குல ஆழத்துக்கு, மூலைக்கு நான்கு வீதம் போடுங்கள். ஒன்றை வலப்பக்கம் சாய்த்தும் அடுத்ததை இடப்பக்கம் சாய்த்தும் போட வேண்டும். நேராகப் போட்டால் நேராகவே கழன்று வரும். முற்றிய, காய்ந்த மூங்கிலைச் சீவி, பசையில் தோய்த்து, சுத்தியலால் தட்டி இறக்குங்கள். சத்தம் மாறும்போது நிறுத்த வேண்டும். பொத்துப்பொத்தென்று கேட்டுக்கொண்டிருந்தது டங்கென்று ஒலித்தால் ஆணி அடியைத் தொட்டுவிட்டது; அதற்கு மேல் ஒரு அடி அடித்தால் பலகை கீறும். மறுநாள் தலையை அறுத்து இழைத்துவிடுங்கள். இருண்ட அயனிப் பலகையில் வெளிறிய அந்த நான்கு புள்ளிகள் பார்க்கவும் நன்றாக இருக்கும். பெட்டியைப் பிரிக்க முடிந்தால் காடி வெட்டிப் பொருத்துங்கள், அல்லது இரண்டு பலகையும் விரல் கோத்த மாதிரி பல் வெட்டிச் சேருங்கள்.

இரும்பு ஆணியைச் சுற்றிக் கருப்பாகக் கறை படர்ந்திருந்தால் அது அழுக்கு அல்ல. மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து உண்டாகும் கறுப்பு. ஆணி உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பித்தளை ஸ்குருவுக்கு மாறுங்கள். அயனி கெட்டியான மரம், பித்தளை ஸ்குரு பாதியில் முறியும். முதலில் துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்குருவை ஒருமுறை ஏற்றி இறக்கி, அப்புறம் பித்தளையை மெழுகு தடவி ஏற்றுங்கள்.

பெட்டிக்கடியில் மாவு கொட்டுகிறது

விரலால் தொட்டுப் பாருங்கள். கோதுமை மாவு போல மென்மையாக இருந்து, பலகையில் குண்டூசித் தலை அளவு வட்டத் துளைகள் இருந்தால் அது மரத்துள் வாழும் வண்டு. மண்ணால் கட்டிய குழாய்ப் பாதை தெரிந்தால் கரையான். கரையான் தரையிலிருந்து வருகிறது, பெட்டியை இடம் மாற்றிக் கால்கட்டையில் நிறுத்தி, தரைக்கு மருந்து போட வேண்டும். வண்டு பலகைக்கு உள்ளேயே இருக்கிறது. அதற்குப் பெட்டியை எங்கே வைத்தாலும் ஒன்றுதான்.

நம் பக்கத்தில் வண்டு பிடிக்கும் பெட்டி பெரும்பாலும் ரப்பர் மரம். அருமனை, குலசேகரம் பக்கம் பால் வற்றிய ரப்பரை வெட்டும்போது பலகை மலிவாகக் கிடைக்கும், இழைக்கவும் சுகம். ஆனால் அந்த மரம் முழுக்க மாவுச்சத்து. வண்டுக்கு வேண்டியது அதுதான். வெட்டிய உடனே போரான் கலந்த மருந்தை அழுத்தத்தில் ஏற்றிக் காயவைத்த ரப்பர் பலகை நல்ல சரக்கு. மருந்தேற்றாத பச்சைப் பலகையில் பெட்டி அடிக்காதீர்கள். அயனியிலும் பலாவிலும் வெளிறிய வெள்ளைப் பகுதிக்கு இதே ஆபத்து உண்டு, உள்ளே மஞ்சளாக இருக்கும் வைரப் பகுதிக்கு மிகக் குறைவு. பலகை எடுக்கும்போதே வெள்ளையை அறுத்துத் தள்ளிவிடுங்கள், மனம் வராது, ஆனாலும் தள்ளுங்கள்.

நான்கைந்து துளை மட்டும் என்றால் பூச்சைச் சுரண்டி எடுத்து, போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த வெந்நீர்க் கரைசலை வெறும் மரத்தில் இரண்டு மூன்று முறை பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு வார்னிஷ் அடியுங்கள். வார்னிஷின் மேல் பூசினால் மருந்து உள்ளே போகாது. வார்னிஷ் அடிக்காமல் விட்டால் மழைநீரில் கழுவிப் போய்விடும். துளைகளைப் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து வட்டமில்லாத துளை தெரிந்தால் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது. அழுத்தினால் பலகை விரலுக்கு உள்ளே போகிற நிலை என்றால் அந்தப் பலகையை எரித்துவிடுவதே சரி, வீட்டின் மற்ற மரங்களை நினைத்து.

பெட்டிக்குள் வைத்தும் கருவிகள் துருப்பிடிக்கின்றன

முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் பெரிய தலைவலி. உப்பு காற்றில் வருகிறது, கருவியில் படிகிறது, பிறகு தானே ஈரத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் உள்ளே போன உப்பை அது எடுக்காது. அதனால் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைப்பதற்கு முன், சற்றே நனைந்த துணியால் துடைத்து உப்பை எடுத்துவிட்டு, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, அதற்கப்புறம் தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். உப்பின் மேல் எண்ணெய் தடவினால் எண்ணெய்க்கு அடியில் துரு வளரும். கை வேர்வையும் உப்புத்தான். இழைப்புளியின் பக்கங்களில் விரல் பட்ட வடிவிலேயே துரு பிடித்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

துரு உளியின் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் கவனியுங்கள். பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கம் மட்டும் என்றால் பெட்டி மரத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது. கருவிகளை வெளியே எடுத்து, மூடியைத் திறந்து, பெட்டியைச் சில வாரம் காற்றில் வையுங்கள். அடியில் படுத்திருக்கும் கருவிகள் மட்டும் என்றால் சிமெண்டுத் தரையின் ஈரம் ஏறுகிறது. ஒரு அங்குலக் கால்கட்டை அடியுங்கள். எல்லாக் கருவிகளிலும் பொட்டுப் பொட்டாக என்றால் உப்புக்காற்று. பெட்டியைக் கடலைப் பார்த்த சன்னலிலிருந்து உள்ளறைக்கு மாற்றுங்கள். தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையில் மரவேலை இத்தனை நூற்றாண்டு நிற்கிறதே, அங்கே தாழ இறங்கிய ஓட்டுக்கூரை சாரலைத் தடுக்கிறது, மரச்சட்ட அழிகளின் இடுக்கு வழியே காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. மரப்பெட்டிக்கும் அதுவே போதும்: மழை படாத இடம், காற்று ஓடும் அடிப்பக்கம்.

கால்கட்டைக்கும் அடிப்பலகையின் வெளிப்பக்கத்துக்கும் அண்டி எண்ணெய் நல்ல காவல். முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் அந்தக் கருத்த எண்ணெயைக் கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் பூசுகிறார்கள். கையில் பட்டால் தோல் வெந்துபோகும்; கையுறை போட்டுக் குச்சியில் துணி சுற்றிப் பூசுங்கள். பெட்டியின் உள்பக்கம் இது வேண்டாம், ஆளிவிதை எண்ணெயும் வேண்டாம். மூடிய இடத்தில் நாள்கணக்கில் பிசுபிசுப்பும் வாடையும் போகாது.

ஸ்குரு சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவில்லை

துளை அகன்றுவிட்டது. பெரிய ஸ்குருவைத் தேடாமல், மூங்கில் சிராய்களைப் பசையில் தோய்த்துத் துளைக்குள் நெருக்கி, காய்ந்ததும் வெட்டிவிட்டு, புதிதாகச் சின்னத் துளை போட்டு அதே ஸ்குருவை ஏற்றுங்கள்.

கைப்பிடி பிடுங்கிக்கொண்டு வருகிறது

உள்ளே இரும்புச் சாமான் 15 கிலோ இருக்கும். 6 நூல் பலகையில் அரை அங்குல ஸ்குரு அதைத் தாங்காது. போல்ட் போட்டு உள்பக்கம் வாஷரும் நட்டும் கொடுங்கள். அதைவிட எனக்குப் பிடித்தது கயிற்றுப் பிடி: பக்கப் பலகையில் நான்கு அங்குல இடைவெளியில் இரண்டு துளை, துளைக்குப் பின்னால் உள்பக்கம் ஒரு ரீப்பர், வலைக்கு வாங்கும் கனத்த நைலான் கயிறு ஒரு முழம், உள்ளே இரண்டு முடிச்சு. நைலான் முனையை நெருப்பில் காட்டி உருக்கிவிட்டால் முடிச்சு அவிழாது. கயிறு பலகையில் உரசும் துளையின் விளிம்பை அரத்தால் உருட்டிவிட மறக்காதீர்கள், இல்லையென்றால் ஒரு வருடத்தில் கயிறு அந்த இடத்தில்தான் அறும்.